தாளும் தாளமும்: இசைச் சுருள் துளைத்த இயந்திரங்களின் வரலாறு

தானாக வாசிக்கும் பியானோவின் இசை, மரக் கட்டையில் சுற்றிய ஒரு நீளத் தாளில் இருக்கிறது. தாளின் அகலம் 11¼ அங்குலம். இடப்பக்கம் கீழ் ஸ்வரங்கள், வலப்பக்கம் மேல் ஸ்வரங்கள் என்று ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் அந்த அகலத்தில் ஒரு தடம் உண்டு. தாள், துளைகள் வரிசையாக உள்ள ஒரு பித்தளைப் பட்டையின்மேல் ஊர்ந்து செல்லும். தாளில் உள்ள துளையும் பட்டையில் உள்ள துளையும் நேர்படும் கணத்தில் காற்று உள்ளே புகும். அந்தக் காற்று ஒரு சிறு வால்வைத் தூக்கும். வால்வு திறந்ததும் உள்ளிருக்கும் சின்னத் துருத்தி சுருங்கி, அந்த ஸ்வரத்தின் சுத்தியலை இயக்கும். துளை எவ்வளவு நீளமோ, ஒலியும் அவ்வளவு நேரம் நிற்கும். தாளின் அகலம் ஸ்வரத்தைச் சொல்கிறது. நீளம் காலத்தைச் சொல்கிறது.

ஆகவே சுருளைத் தயாரிக்கும் இயந்திரத்துக்கு இரண்டு வேலைகள். சரியான தடத்தில் துளை இடவேண்டும். அடுத்த துளைக்குத் தாளைச் சரியான தூரம் நகர்த்தவேண்டும். முதல் வேலை பிழைத்தால் ஸ்வரம் தவறும். இரண்டாவது பிழைத்தால் தாளம் தவறும். துளையிடும் ஊசியைப் பலரும் கவனித்தார்கள். தாளை இழுக்கும் உருளையும் அதைத் திருப்பும் பல்சக்கரமும் அவ்வளவாகப் பேசப்படவில்லை. ஆனால் இசைச் சுருளின் காலக் கணக்கு முழுவதும் அந்தப் பல்சக்கரத்தின் பற்களில்தான் இருந்தது.

நெசவிலிருந்து இசைக்கு

துளையிட்ட தாளைக் கொண்டு இயந்திரத்துக்குக் கட்டளை தரும் முறை பிரான்சின் லியோன் நகரத்துப் பட்டுத் தறிகளில் பிறந்தது. 1725-ல் பாசில் பூஷோன் துளையிட்ட தாள் சுருளால் தறியின் நூல்களைத் தேர்ந்தெடுத்தார். சில ஆண்டுகளில் ஃபால்கோன் என்பவர் சுருளுக்குப் பதிலாகக் கோத்துக் கட்டிய அட்டைகளைப் பயன்படுத்தினார். 1804-ல் ஜோசப் மரி ஜக்கார்டு இவற்றை ஒழுங்குபடுத்தித் தம் பெயரால் வழங்கும் அமைப்பை உருவாக்கினார். காஞ்சிபுரத்துத் தறிகளின் மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டியும், அதிலிருந்து மாலைபோலத் தொங்கும் அட்டைகளும் அந்த மரபின் தொடர்ச்சிதான்.

ஜக்கார்டு பெட்டியில் அட்டையை நகர்த்துவது நான்கு பக்கமுள்ள ஒரு மரக்கட்டை. ஒவ்வோர் ஊடைக்கும் அது கால் சுற்று திரும்புகிறது. ஓர் அட்டை போய் அடுத்த அட்டை வந்து நிற்கிறது. அரை அட்டை நகர வாய்ப்பே இல்லை. சுருளாக வரும் தாளுக்கு இந்த உறுதி கிடையாது. அது வழுக்கலாம், இழுபடலாம், ஈரத்தில் விரியலாம். 19-ஆம் நூற்றாண்டில் சார்லஸ் வீட்ஸ்டன் தம் தானியங்கித் தந்திக்கான தாள் நாடாவில், நடுவே சிறு வழித்துளைகளை வரிசையாக இட்டு, பல்சக்கரம் அவற்றைப் பற்றி இழுக்கும்படி செய்து இந்தச் சிக்கலைத் தீர்த்தார். வீடுகளுக்கு விற்ற இசைச் சுருள்களில் வழித்துளை போடும் வழக்கம் வேரூன்றவில்லை. அவை உருளைகளின் பிடியை நம்பியே நகர்ந்தன.

துளைத் தாளால் இசைக்கருவியை இயக்கும் எண்ணத்துக்கு 1842-ல் பிரான்சில் கிளோட் ஃபெலிக்ஸ் செய்த்ர் காப்புரிமை பெற்றார். 1847-ல் ஸ்காட்லாந்துக்காரரான அலெக்சாண்டர் பெய்ன் பெற்றார். அதுவரை தானியங்கி இசை என்றால் பெரும்பாலும் முள் பதித்த உருளைதான். உருளையின் சுற்றளவு எவ்வளவோ அவ்வளவுதான் பாட்டு. புதுப் பாட்டு வேண்டுமென்றால் ஆயிரக்கணக்கான முட்களைக் கையால் அடித்துப் புது உருளை செய்யவேண்டும். தாளுக்கு அந்த எல்லை இல்லை. 1883-ல் எமில் வெல்டே தாள் சுருளால் இயங்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் ஜெர்மனியின் ஃபிரைபுர்க் நகரில் வெல்டே குடும்பம் செய்துவந்த, ஓர் இசைக்குழுவைப்போலத் தானே ஒலிக்கும் பெரிய ஆர்கெஸ்ட்ரியன் கருவிகளில் முள் உருளைகள் மெல்ல மறைந்தன.

கையே நகர்த்திய காலம்

அமெரிக்காவில் தாள் சுருளுக்குச் சந்தையை உண்டாக்கியவை ஆர்கனெட் என்ற கைப்பிடி சுற்றும் சிறு கருவிகள். 1878-ல் நியூயார்க்கில் மெக்கானிக்கல் ஆர்கினெட் நிறுவனம் தொடங்கியது. பின்னாளில் பியானோலா என்ற பியானோ வாசிக்கும் கருவியால் உலகப் புகழ் பெற்ற ஏயோலியன் நிறுவனம் இதிலிருந்துதான் வளர்ந்தது. கருவி மலிவு; ஒருமுறை வாங்கினால் போதும். சுருளோ திரும்பத் திரும்ப விற்கும் சரக்கு. ஒரே பாட்டை ஆயிரம் பிரதி எடுக்கும் தேவை அப்போது எழுந்தது.

ஐரோப்பாவின் திருவிழா ஆர்கன்களுக்கு வேறு வழி அமைந்தது. 1892 முதல் பாரிஸின் காவியோலி நிறுவனம் மடித்து அடுக்கும் அட்டைப் புத்தகங்களைப் பரப்பியது. அவற்றைத் துளைக்கும் கைவினைஞர் ஒரு மேசை முன் நிற்பார். காலால் மிதியை அழுத்தினால் சதுர ஊசி அட்டையைக் குத்தி மேலே எழும். ஒவ்வொரு குத்துக்கும் இடையே, முன்பே பென்சிலால் வரைந்து வைத்த கோட்டின் வழியே அட்டையை இரு கைகளாலும் சற்றே தள்ளுவார். காலும் கையும் ஒரே ஓட்டத்தில் சேர்ந்தால், நீண்ட ஸ்வரத்துக்கான துளை ஒரே வெட்டாக வழுவழுப்பாக விழும். தாளை நகர்த்தும் கருவி அங்கே மனிதக் கைதான். ஐரோப்பாவில் இந்தத் தொழில் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆனால் கையால் தள்ளிப் பெருமளவில் சுருள் விற்க முடியாது.

பியானோலாவும் பொது அளவும்

1895-ல் டெட்ராய்ட் நகரில் எட்வின் வோட்டி பியானோலாவின் முதல் வடிவத்தைச் செய்தார். அது பியானோவின் முன்னால் தள்ளி வைக்கும் ஒரு பெட்டி. நமுதா ஒட்டிய மர விரல்கள் கட்டைகளை அழுத்தும். ஏயோலியன் நிறுவனம் அதை விற்பனைக்குக் கொண்டுவந்ததும் போட்டிக் கருவிகள் பெருகின. சில ஆண்டுகளில் அந்தப் பெட்டி பியானோவுக்குள்ளேயே போய்விட்டது. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் ஹூப்ஃபெல்டு நிறுவனம் 73 ஸ்வரங்கள் கொண்ட ஃபோனோலாவைச் செய்தது. அமெரிக்காவில் 65 ஸ்வரச் சுருள்கள் அங்குலத்துக்கு 6 தடம் என்ற கணக்கில் வந்தன. ஒரு நிறுவனத்தின் சுருள் மற்றொன்றின் கருவியில் பொருந்தாத நிலை வாங்குவோரையும் கடைக்காரரையும் அலைக்கழித்தது.

1908 டிசம்பரில் பஃபலோ நகரில் கூடிய அமெரிக்க உற்பத்தியாளர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். அகலம் 11¼ அங்குலம். பியானோவின் 88 கட்டைகளுக்கும் தடம். அங்குலத்துக்கு 9 தடம். அகலக் கணக்கு இப்படி ஊரறிய நிலைபெற்றது. நீளக் கணக்குக்கு ஓர் எளிய வழக்கு உருவானது. சுருளின் தலைப்பில் டெம்போ 70 என்று அச்சிட்டிருந்தால், தாள் நிமிடத்துக்கு 7 அடி ஓடவேண்டும். 80 என்றால் 8 அடி. ஆனால் அந்த அடிக்குள் துளையிடும் இயந்திரம் எத்தனை முறை நின்று குத்தவேண்டும் என்பதில் பொது விதி எதுவும் ஏற்படவில்லை. அது ஒவ்வொரு தொழிற்சாலையின் சொந்தக் கணக்காகவே இருந்தது.

அதே 1908-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இசைநூல் வெளியிடும் ஒயிட்-ஸ்மித் நிறுவனம், சுருள் விற்ற அப்போலோ நிறுவனத்தின்மேல் தொடுத்த வழக்கில், துளைச் சுருள் இசை நூலின் பிரதி ஆகாது, இயந்திரத்தின் ஓர் உறுப்பே என்று தீர்ப்பளித்தது. மனிதர் கண்ணால் படிக்க முடியாத துளைகளைப் பிரதி என்று எப்படிச் சொல்வது என்பதே வாதம். அடுத்த ஆண்டே நாடாளுமன்றம் சட்டத்தை மாற்றி, ஒரு சுருளுக்கு 2 சென்ட் இசையமைப்பாளருக்குத் தரவேண்டும் என்று விதித்தது.

ஒரு நகர்வின் கதை

தொழிற்சாலையில் நின்ற துளையிடும் இயந்திரத்தின் இதயம் மூன்று உறுப்புகள்: மேலே வரிசையாக நிற்கும் எஃகு ஊசிகள், கீழே அவற்றுக்கு நேராகத் துளையுள்ள எஃகுத் தகடு, பின்னால் தாளை இழுக்கும் உருளைகள். ஊசிகளுக்கு மேலே கனத்த அழுத்துச் சட்டம் ஒன்று இடைவிடாமல் ஏறி இறங்கும். எந்த ஸ்வரம் வேண்டுமோ, அந்த ஊசியின் தலைக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு சிறு எஃகுத் துண்டு நுழையும். துண்டு நுழைந்த ஊசி மட்டும் சட்டத்தோடு சேர்ந்து இறங்கித் தாளைக் குத்தும். மற்றவை அசையாமல் நிற்கும்.

தையல் இயந்திரத்தைப் பார்த்தவர்களுக்கு அடுத்தது எளிதில் விளங்கும். ஊசி துணியில் இருக்கும்வரை துணி நகரக்கூடாது. ஊசி வெளியே வந்தபின்தான் கீழே உள்ள பல் துணியைத் தள்ளும். இங்கேயும் அதே ஒழுங்குதான். பிரதான அச்சின் ஒரு சுற்றில் முதல் பாதி குத்துவதற்கு, மறு பாதி நகர்த்துவதற்கு. ஊசிகள் தாளை விட்டு முழுவதும் எழுந்தபின், அச்சோடு இணைந்த கை ஒரு கொண்டியைத் தள்ளும். கொண்டி ராட்செட் சக்கரத்தின் ஒரு பல்லைத் தள்ளும். சக்கரம் இழுப்பு உருளையைத் துளி திருப்பும். தாள் ஒரு நகர்வு முன்னே வந்து நிற்கும். திரும்பிய வேகத்தில் உருளை தாண்டிப் போகாமலிருக்க ஒரு தடை அதைப் பிடிக்கும். பின்னுக்கு வராமலிருக்க இன்னொரு கொண்டி காவல் நிற்கும். தையலில் தையல் நீளத்தை மாற்றுவதுபோல, இங்கே பல்சக்கரத்தை மாற்றினால் நகர்வின் நீளம் மாறும்.

அந்த நீளத்தின் அருமையை ஒரு கணக்கால் உணரலாம். டெம்போ 70-ல் தாள் நொடிக்கு 1.4 அங்குலம் ஓடுகிறது. ஒரு நகர்வு அங்குலத்தின் 30-ல் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், ஒரு நகர்வு ஒரு நொடியின் 42-ல் ஒரு பங்கு. அந்தச் சுருளில் இசை அதைவிட நுண்ணிய காலத்தைக் காட்ட முடியாது. எல்லா நகர்வுகளும் ஒரே அளவாகச் சற்றுக் குறைந்தால் பாட்டு கொஞ்சம் வேகமாக ஓடும், அவ்வளவே. வாசிப்பவர் வேகக் கைப்பிடியைத் திருப்பிச் சரிசெய்துகொள்வார். சில நகர்வுகள் மட்டும் குறைந்தால் தாளம் நொண்டும். அதைச் சரிசெய்ய எந்தக் கைப்பிடியாலும் முடியாது. ஆகவே இயந்திரம் செய்தவர்கள் முதலில் தேடியது, எந்நேரமும் மாறாத நகர்வை.

நீண்டு ஒலிக்கும் ஸ்வரமும் இந்த நகர்வுகளால் ஆனதே. வட்ட ஊசியின் விட்டத்தைவிட நகர்வு சிறிது என்பதால், அடுத்தடுத்த குத்துகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து நீண்ட பிளவாகின்றன. பூதக்கண்ணாடியில் அதன் ஓரம் சிற்றலைபோல வளைந்து வளைந்து தெரியும். ஒவ்வொரு வளைவும் ஒரு நகர்வு. பிளவு மிக நீண்டால் தாள் வலுவிழந்து கிழியும். அதனால் இடையிடையே ஒரு குத்தை விட்டு, மெல்லிய தாள் பாலங்களை மிச்சம் வைப்பார்கள். பட்டையின் துளை அந்தப் பாலத்தைவிடப் பெரிது. காற்று தடைபடாது, ஒலியும் அறுபடாது.

பல தாள், ஒரே குத்து

ஒரு தாளை மட்டும் துளைத்தால் தொழில் கட்டுப்படியாகாது. பத்துக்கும் மேற்பட்ட தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே குத்தில் துளைத்தார்கள். இயந்திரத்தின் ஒரு பக்கத்தில் பெரிய தாள் உருளைகள் சட்டத்தில் அடுக்கடுக்காகத் தொங்கும். எல்லாத் தாள்களும் வந்து சேர்ந்து, இரு ஓரங்களிலும் வழிகாட்டிகளைத் தொட்டுக்கொண்டு, ஒரே கத்தையாக ஊசியின் கீழே போகும்.

தாள் ஊட்டும் பொறியின் உண்மையான சோதனை இங்கேதான். இழுப்பு உருளைகள் மேல் தாளையும் கீழ் தாளையும்தான் தொடுகின்றன. நடுவில் இருப்பவை ஒன்றை ஒன்று பற்றிக்கொண்டு வரவேண்டும். கத்தை ஓர் உருளையில் வளைந்தால், வெளியே உள்ள தாள் உள்ளே உள்ளதைவிடச் சற்று அதிக தூரம் போகவேண்டும். ஒவ்வொரு தாள் உருளைக்கும் தனித்தனித் தடை உண்டு. ஒன்று இறுகிப்போனால் அந்தத் தாள் மட்டும் பின்தங்கும். ஒரே கத்தையில் பிறந்த சுருள்களில் ஒன்று மட்டும் நொண்டுவது இப்படித்தான். உருளைகளின் அழுத்தத்தைக் கூட்டினால் வழுக்கல் குறையும், ஆனால் தாள் நசுங்கி நீளும். இரண்டுக்கும் நடுவே ஓர் அளவைக் கண்டுபிடித்துக் காப்பது இயந்திரம் ஓட்டியவரின் கைப்பக்குவம்.

தாளும் சாதாரணத் தாள் அல்ல. மெல்லியதாக, ஆனால் உறுதியாக, ஈரத்தை எளிதில் குடிக்காததாக இருக்கவேண்டும். ஊசி குத்தினால் பிசிறு விடாமல் அறுபடவேண்டும். ஈரக் காற்றில் தாள் அகலத்தில் விரிந்தால் தடங்கள் பித்தளைப் பட்டையை விட்டு விலகும். எனவே துளையிடும் அறையின் காற்று ஈரமும் தொழிலின் ஒரு பகுதியானது. குத்தியெடுத்த பொட்டுப் பொட்டான துணுக்குகள் கீழே மலையாய்க் குவியும். ஒரு துணுக்கு தகட்டின் துளையில் அடைத்துக்கொண்டாலும் அந்த ஸ்வரம் கத்தை முழுவதிலும் கெடும்.

மூலச் சுருள்

எந்த ஊசி எப்போது இறங்கவேண்டும் என்று இயந்திரத்துக்குச் சொல்வது மூலச் சுருள். அது கனமான தாளில், விற்பனைச் சுருளைவிட இரண்டு, மூன்று மடங்கு நீளத்தில் செய்யப்பட்டது. மூலம் மூன்று மடங்கு நீளமென்றால், விற்பனைத் தாள் ஒரு நகர்வு போகும்போது மூலம் மூன்று பங்கு தூரம் நகரும்படி இரண்டையும் பல்சக்கரங்களால் பிணைத்தார்கள். மூலத்தில் நேரும் சிறு பிசகு பிரதியில் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும்.

தொடக்கத்தில் மூலத்தைச் செய்தவர்கள் அச்சிட்ட இசைக்குறிப்பைப் பார்த்து, கோடு போட்ட தாளில் ஒவ்வொரு ஸ்வரத்தையும் அளந்து வரைந்து வெட்டினார்கள். ஒரு தாள எண்ணிக்கைக்கு 24 நகர்வு என்று வைத்தால் அதை 2, 3, 4, 6, 8 எனச் சமமாகப் பிரிக்கலாம். நடன இசைக்கு அது பொருத்தம். தாளம் துல்லியமாக வந்தது. மனிதக் கையின் நெளிவு சுளிவு வரவில்லை.

கலைஞரின் வாசிப்பையே பதியும் முயற்சி 1904-ல் ஃபிரைபுர்க்கில் எட்வின் வெல்டேயும் கார்ல் போக்கிஷும் வெளியிட்ட வெல்டே-மின்யோன் கருவியால் உச்சம் தொட்டது. அழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தையும் அது திருப்பித் தந்தது. அமெரிக்காவில் கியூ.ஆர்.எஸ். என்ற சுருள் நிறுவனத்துக்காக மெல்வில் கிளார்க் 1912-ல் குறியிடும் பியானோவை அமைத்தார். கலைஞர் கட்டையை அழுத்தும்போது, ஓடும் தாளில் கார்பன் உருளையின் மைக்கோடு விழும். பிறகு அந்தக் கோடுகளை வெட்டித் துளையாக்குவார்கள். ஆனால் ஓடும் தாளில் விழுந்த கோடு எங்கே வேண்டுமானாலும் தொடங்கும், முடியும். துளையிடும் இயந்திரமோ நகர்வு நகர்வாகத்தான் போகும். ஆகவே மூலத்தில் ஒவ்வொரு கோட்டின் முனையும் அருகிலிருந்த நகர்வுக்கு ஒட்டி நிறுத்தப்பட்டது. கலைஞரின் விரல் நுணுக்கம் எவ்வளவு தப்பிப் பிழைத்தது என்பதை முடிவு செய்தது நகர்வின் நீளம்தான்.

வீட்டு மேசையில்

அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்து ஹாமில்டன் நகரில் செய்யப்பட்ட லீபர்ஜான் இயந்திரம் இந்தத் தொழிலை வீட்டு மேசைக்குக் கொண்டுவந்தது. ஸ்வரத்தின் இடத்துக்கு ஊசியை நகர்த்தி, நெம்புகோலை இழுத்தால் ஒரு துளை; பிறகு தாளை எண்ணி நகர்த்தினால் அடுத்த துளை. பொறுமை உள்ளவர் எவரும் தம் சொந்தச் சுருளைச் செய்துகொள்ளலாம்.

அப்படித் தொடங்கியவர்களில் பெரும் பெயர் பெற்றவர் ஜே. லாரன்ஸ் குக். கறுப்பினத்தவரான இவர் 1920-களில் கியூ.ஆர்.எஸ். நிறுவனத்தில் சேர்ந்து, பல்லாயிரம் சுருள்களுக்கு இசை அமைத்தார். அங்கே அவர் வேலை செய்தது துளையிடும் பியானோவில். வேண்டிய கட்டைகளை அழுத்திப் பிடித்துக்கொண்டு தாளை நகர்வு நகர்வாக முன்னேற்றுவார். ஒரு ஸ்வரம் எத்தனை நகர்வு நிற்கவேண்டும் என்று மனத்தில் கணக்கு ஓடும். அவர் சுருள்கள் கேட்பதற்கு நேரில் வாசித்ததுபோலவே இருந்தன என்றால், அது நகர்வுகளை எண்ணியே உயிரோட்டம் கொடுக்கத் தெரிந்த கலை.

நான்காரோவின் பல்சக்கரம்

1912-ல் அமெரிக்காவில் பிறந்த இசையமைப்பாளர் கான்லன் நான்காரோ, ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் பிராங்கோவுக்கு எதிராகப் போரிட்டவர். 1940-ல் மெக்சிகோ நகரில் குடியேறினார். மனிதக் கைகளால் வாசிக்க முடியாத தாளங்களை அவர் எழுத விரும்பினார். 1947-ல் நியூயார்க் சென்று தமக்கென ஒரு துளையிடும் இயந்திரத்தைச் செய்வித்து எடுத்து வந்தார். ஒரு துளைக்கு ஒரு நெம்புகோல் இழுப்பு. சில நிமிட இசைக்குப் பல மாதங்கள்.

அந்த இயந்திரத்தில் தாள் பற்களின் கணக்குப்படிதான் நகர்ந்தது. முழு எண் விகிதத் தாளங்களுக்கு அது போதும். ஒரே சீராக வேகம் கூடிக்கொண்டே போகும் குரலுக்குப் போதாது. ஒவ்வொரு ஸ்வரமும் இரண்டு பற்களுக்கு நடுவே எங்கோ விழவேண்டும். எனவே தாளில் எந்த இடத்திலும் நிறுத்தித் துளைக்கும்படி இயந்திரத்தை மாற்றியமைத்தார். தானாக வாசிக்கும் பியானோவுக்காக அவர் எழுதி எண்ணிட்ட எட்யூடு என்ற படைப்புகளில், 21-ஆம் எட்யூடில் ஒரு குரல் மெதுவாகத் தொடங்கி விரைந்துகொண்டே போகிறது. மற்றது விரைவாகத் தொடங்கித் தளர்ந்துகொண்டே வருகிறது. நடுவில் இரண்டும் ஒன்றை ஒன்று கடக்கின்றன. 33-ஆம் எட்யூடு 2-இன் வர்க்கமூலத்தை வேக விகிதமாகக் கொண்டது. எந்தப் பல்சக்கரமும் எண்ணித் தரமுடியாத தாளம் அது. தாளை நகர்த்தும் பொறி விடுதலை பெற்றபின்தான் அப்படி ஓர் இசை எழுத முடிந்தது.

சரிவும் மீட்பும்

1920-களின் நடுவில் சுருள் தொழில் உச்சத்தில் இருந்தது. 1926-ல் கியூ.ஆர்.எஸ். மட்டும் சுமார் 1 கோடி சுருள் விற்றது. பிறகு வானொலியும் மின்சாரப் பதிவு இசைத்தட்டும் வளர்ந்து அதைப் பின்தள்ளின. 1929-ன் பொருளாதார வீழ்ச்சி மிச்சத்தை முடித்தது. துளையிடும் இயந்திரங்கள் பல பழைய இரும்பாயின. கியூ.ஆர்.எஸ். பிழைத்து, 1960-களில் பஃபலோவுக்கு இடம்பெயர்ந்து, பழைய இயந்திரங்களோடு தொடர்ந்தது. பிற்காலத்தில் மூலச் சுருளின் இடத்தைக் கணினி எடுத்துக்கொண்டது. கொண்டிக்கும் பல்சக்கரத்துக்கும் பதிலாக, எண்ணிய அளவு மட்டும் திரும்பும் ஸ்டெப்பர் மோட்டார் தாளை இழுக்கிறது. செய்முறை மாறினாலும் வேலை மாறவில்லை: நிற்க, குத்த, நகர்த்த.

எஞ்சியிருக்கும் பழைய சுருள்கள் நூறாண்டில் சுருங்கியும் நெளிந்தும் போயிருக்கின்றன. அவற்றை ஒளிவருடியில் படமெடுத்துக் காப்போருக்குக் கைகொடுப்பதும் அதே நகர்வுதான். தாள் எப்படிச் சுருங்கியிருந்தாலும், ஒரு காலத்தில் எல்லாத் துளைகளும் ஒரே அளவு நகர்வின் மடங்குகளில் இருந்தன. துளைகளின் இடைவெளிகளை அளந்து அந்த நகர்வைக் கண்டுபிடித்துவிட்டால், ஒவ்வொரு துளையும் முதலில் எத்தனையாவது நகர்வில் விழுந்தது என்று எண்ணிவிடலாம். சுருங்கிய தாளிலிருந்து, துளையிடும் இயந்திரத்துக்குள் போன மூலம் அப்படியே திரும்பக் கிடைக்கிறது. காப்பகங்களும் ஆர்வலர்களும் இந்த முறையால் பல சுருள்களைப் புதிதாகத் துளைத்து மீண்டும் ஒலிக்கச் செய்கிறார்கள்.